ஒரு நோட்டுப் புத்தகத்தின் பின்னால் ஆம்பூர் வரை

நான் காலமாகிவிட்டேன் என்பது புதன்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு எனக்குத் தெரிந்தது. என் கடிகாரத்தில் அப்போது பத்து இருபது. ரங்கூனை விட்டுக் கிளம்பி ஆறு நாளாகியும் அதைத் திருப்பி வைக்க மனம் வரவில்லை. யாராவது மணி கேட்டால் ஒன்றைக் கழித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடம், வேலூரில் ஒரு சின்ன வைத்தியசாலை. என் மகன் சுந்தரம் அங்கே பின்கட்டு அறையில் இருப்பதாக, அவன் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஆம்பூர் தோல் ஷாப்பின் முதலாளி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். ‘உங்கள் பிள்ளைக்கு மனசு சரியில்லை, உடனே வரவும்’ என்று இரண்டே வரி. கம்பவுண்டரிடம் மகன் பெயரைச் சொன்னேன். நீங்கள் யார் என்று கேட்டார். தகப்பன் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அவருக்கு அப்பா இல்லீங்களே” என்றார். சண்டைக்கு வருகிற குரல் இல்லை. கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் நம்பவில்லையென்று நினைத்து, ரிஜிஸ்தரையே என் பக்கம் திருப்பி வைத்தார். தாய்: காலமானார். தந்தை: காலமானார். வேறு உறவு: ஒருவருமில்லை.

முதல் வரி உண்மை. என் மனைவி போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இரண்டாவது வரியை நான் பலமுறை படித்தேன். முத்து முத்தான கையெழுத்து.

டாக்டர் ஞானமுத்து பகல் பன்னிரண்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியைப் பேசும்போது கழற்றிவிடுவார். என்னை உட்காரவைத்து, ரங்கூனில் எந்தத் தெரு, என்ன வேலை என்று விசாரித்தார். அரிசி ஆலை ஆபீசில் கடிதம் எழுதும் குமாஸ்தா என்றேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. மூன்று வயதில் கக்குவான் வந்து போனதிலிருந்து அவனுடைய இருமல் அப்படித்தான். நான் எழுந்துவிட்டேன். டாக்டரும் எழுந்து, அந்த அறைக் கதவின் முன்னால் போய் நின்றார்.

“நீங்க அவன் அப்பான்னு நான் நம்பறேன்” என்றார். “அவன் நம்பணுமே.”

சுந்தரத்தின் எண்ணம் இதுதானாம்: அப்பா எப்போதோ இறந்துவிட்டார், ரங்கூனிலிருந்து வரும் கடிதங்களை வேறு யாரோ அவர் கையெழுத்தில் எழுதுகிறார்கள். இரண்டு மாதமாகச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டான். தபால்காரரைக் கண்டால் ஓடி ஒளிகிறான். இந்த நிலையில் நான் போய் எதிரே நின்றால், கடிதம் எழுதியவன் இப்போது ஆளாகவும் வந்துவிட்டான் என்று மிரண்டுபோவான் என்பது டாக்டரின் பயம். போன வருஷம் மாமா என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரை நம்பி ஒரு நோயாளியை அனுப்பிவைத்து, அந்த நோயாளியைப் பிறகு ஒரு தோப்பில் சங்கிலியால் கட்டிப்போட்டிருக்கக் கண்டார்களாம். அன்றிலிருந்து, வட்டம் கூடிச் சொல்லாமல் யாரையும் யாரிடமும் காட்டுவதில்லை.

வட்டம் என்றால் என்ன என்று அப்புறம்தான் தெரிந்தது. இந்தப் பாலாற்றுப் பக்கத்தில் மனோவியாதியைப் பற்றி அக்கறையுள்ள நாலு பேர் சேர்ந்து ஒரு குழுவாக இருக்கிறார்கள். டாக்டர் ஒருவர். மேல்விஷாரத்தில் யுனானி வைத்தியம் செய்கிற ஒரு ஹக்கீம். சென்னையில் உள்ள பெரிய மனோவியாதி ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வார்டராக இருந்துவிட்டு விரிஞ்சிபுரத்தில் பயிர் செய்கிற முனுசாமி. ஆம்பூரில் ஒரு நர்ஸ் அம்மாள். படிப்பு, பதவி, மதம் எதையும் அவர்கள் பார்ப்பதில்லை. ஊரில் இவர்களைப் பைத்தியக்கார சங்கம் என்கிறார்கள்.

அவர்களுக்கு நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. நோயாளியின் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு, விவரத்தை டாக்டர் எழுதுவார். புத்தகம் ஊர் ஊராகப் போகும். ஒவ்வொருவரும் தனியாக யோசித்துத் தங்கள் பக்கத்தில் அபிப்பிராயம் எழுதுவார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, எழுதியதைப் படித்து முடிவு செய்வார்கள். எழுதாததைப் பேசக்கூடாது. தபாலில் எதையும் அனுப்பக்கூடாது. ஒருமுறை ஒரு கார்டைத் தபால் கொண்டுவந்தவர் படித்து ஊரில் சொல்லிவிட, ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோயிற்றாம்.

நல்ல எண்ணத்தில் வைத்த கட்டுப்பாடுதான். ஆனால் அதனால்தான் ஒருவரும் ரங்கூனுக்கு ஒரு கடிதம் போட்டு நான் இருக்கிறேனா என்று கேட்கவில்லை. நோயாளி சொன்னதை அப்படியே எழுதிவிட்டார்கள். பத்தொன்பதாம் எண் அநாதை என்று வைத்துக்கொண்டு நாலு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை ஆம்பூரில் கூட்டம். அநாதையென்றால் திங்கட்கிழமை சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழக்கம்.

டாக்டர் ஒரு தாளை எடுத்து எழுதினார்: ‘பத்தொன்பதாம் எண்ணின் தந்தை உயிருடன் இருக்கிறார். நேரில் வந்திருக்கிறார். நான் எழுதியது தவறு.’ சனிக்கிழமை காலையில் இதை ஒட்டினால் யாரும் புதிதாக யோசிக்கமாட்டார்கள், ஏற்கெனவே எழுதியதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள், மனித சுபாவம் அப்படி என்றார். புத்தகம் போகிற வழியிலேயே போய், ஒவ்வொருவரிடமும் இதைக் காட்டச் சொன்னார்.

கீழே இன்னொரு வரி எழுதி, நிரப்பாமல் விட்டார்: ‘தந்தை இறந்ததாக நோயாளி எண்ணுவதற்குக் காரணம்.’

“இது உங்களுக்குத்தான் தெரியும்” என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். சட்டைப் பையில் பேனாவும் இருந்தது. யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லித் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். வெளியே வந்து கோட்டை அகழிக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்குப் பிறகு அன்று என்னோடு யாரும் பேசவில்லை.

வியாழக்கிழமை மேல்விஷாரம் பஸ்ஸில் மனிதர்கள் உள்ளே, ஆட்டுத்தோல் கட்டுகள் மேலே. கூரையின் இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் என் தோளில் சொட்டியது. நகர்ந்து உட்கார இடமில்லை. எனக்கு எதிரே இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்டக்டரைத் திட்டினாள். “இன்னாமா பண்றது, அதுங்களும் டிக்கெட்டு வாங்கிகினுதான் ஏறிகிதுங்க” என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரங்கூன் டிராமிலும் கருவாட்டுக் கூடை ஏறும். ஆனால் அங்கே அந்த நாற்றத்தில் ஈரக்காற்று கலந்திருக்கும். இங்கே காற்று சுண்ணாம்பு மாதிரி உலர்ந்து தொண்டையைப் பிடிக்கிறது. நடுவழியில் டயர் வெடித்து, ஒன்றரை மணி நேரம் புளியமரத்தடியில் நின்றோம். பாலாறு என்று ஒருவர் வடக்கே கை காட்டினார். மணல்தான் தெரிந்தது. அதன் நடுவே ஒரு பெண் குழி தோண்டிக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். நதி என்றால் எங்களுக்குக் கப்பல் போகிற அகலம். அம்மா இதைப் பார்த்தால் என்ன சொல்லுவாள் என்று சுந்தரம் முதல் வருஷம் எழுதியிருந்தது நினைவு வந்தது.

ஹக்கீம் சாஹிப் பருத்த உடம்பு, மருதாணி போட்ட தாடி. புத்தகம் அன்று காலைதான் விரிஞ்சிபுரத்துக்குக் கிளம்பிவிட்டது என்றார். தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க மவுத்தாய்ட்டீங்கன்னு நெனச்சு ரெண்டு நாளா பேஜாரா இருந்தேன்” என்றார். “வாங்க, சாப்புடுங்க. மவுத்தானவருக்குப் பசி ஜாஸ்தி.”

பித்தளைத் தாம்பாளத்தில் சோறும், பருப்பும், எலும்போடு ஒரு சாறும் வைத்தார். ரங்கூனிலிருந்து வந்தபிறகு ஒரு மனிதரோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு சர்க்கார்தான் தகப்பன், சென்னைக்கு அனுப்பிவிடலாம் என்று தம் பக்கத்தில் எழுதியதாகச் சொன்னார். இனி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அதற்கு முன், தாளில் காலியாக இருந்த இடத்தை விரலால் தட்டி, உயிரோடிருக்கிற அப்பனை ஒரு பிள்ளை ஏன் சாகடிப்பான் என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து விட்டார். “தெரியலேங்கறப்ப சில பேருக்கு நாடி துள்ளும். உங்களுக்கு ஒரே சீரா ஓடுது. நல்லா பழகுன கை” என்றார்.

தாளின் பின்பக்கத்தில், ‘என் அபிப்பிராயத்தை வாபஸ் வாங்குகிறேன், காரணம் தெரியாமல் வேறு எழுதமாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசல்வரை வந்து, குடிக்கச் சர்பத்தும் கொடுத்தார். பஸ் ஏறிய பிறகும் அவர் பிடித்த மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மைதான். சீராகத்தான் ஓடியது.

வெள்ளிக்கிழமை வேலூரில் ஒரு ஜட்கா பிடித்தேன். பொய்கை வரும்வரை குதிரை ஒழுங்காக ஓடியது. அங்கே மாட்டுச் சந்தைக்குத் திரும்பும் பாதையைக் கண்டதும் தானாகவே திரும்பி, யாருமில்லாத சந்தைத் திடலில் போய் நின்றுகொண்டது. வண்டிக்காரர் தட்டினார், கெஞ்சினார், புல்லைக் காட்டினார். “வாராவாரம் இங்கதான் சார் வரும். அதுக்குத் தெரிஞ்ச ஊரு இதான்” என்றார். நான் இறங்கி நடந்தேன். பாதை நெடுக மல்லாட்டைக் கொல்லைகள். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். வெயிலில் என் நிழலைத் தவிர அசைகிற பொருள் எதுவும் இல்லை.

முனுசாமி கோயிலில் இருப்பதாகச் சொன்னார்கள். விரிஞ்சிபுரத்து சுவாமிக்கு வழித்துணை என்றும் ஒரு பெயர் உண்டாம். மூன்று நாளாகத் தனியாக வழி நடந்தவனுக்கு அதைக் கேட்க ஒரு மாதிரியாக இருந்தது. உள்ளே, அரைவட்டமாகச் செதுக்கிய ஒரு கல்லின் முன் ஆறடிக் கிழவர் ஒருவர் குனிந்திருந்தார். கல்லில் எண்கள் வெட்டியிருக்கின்றன. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் விழுகிற எண்தான் மணி. அவர் துடைப்பக்குச்சி ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க வாச்சுல இன்னா மணி சார்?” என்றார், நான் யார் என்று கேட்பதற்கு முன்னால்.

பன்னிரண்டு என்றேன். கல்லில் பதினொன்றுகூட ஆகவில்லை. கல்லுக்கும் ரயில் ஸ்டேஷனுக்கும் கால் மணி வித்தியாசம் உண்டு, ஆனால் இவ்வளவு இருக்காதே என்றார். இது ரங்கூன் நேரம் என்று சொன்னேன். குச்சியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“பத்தொன்பது நம்பரோட அப்பாவா?” என்றார்.

ஆமாம் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பக்கம் வந்து மூன்று நாளில், நான் சொல்லாமலே என்னை அப்படி அழைத்தவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய கொல்லையில் கிணற்றோரம் உட்கார்ந்தோம். வேகவைத்த மல்லாட்டையை ஒரு முறத்தில் கொட்டினார். நீலப் புத்தகம் ஒரு துணியில் சுற்றிப் பக்கத்தில் இருந்தது, இன்னும் எழுதவில்லை. மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து எழுதுவார்கள், தாம் ஆளைப் பார்க்காமல் எழுதுவதில்லை என்றார். போன வாரம் வேலூர் போய் ஒரு பகல் முழுதும் சுந்தரத்தின் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாராம். சாயங்காலம் சுந்தரம் தானாகவே பேசினானாம்.

“இன்னா சொன்னான் தெரியுமா? எங்க வூட்ல செத்தவங்க லெட்டர் போடுவாங்க. அம்மா ஆறு மாசம் போட்டாங்க. இப்ப அப்பா போட்றாரு. அப்டின்னான்.” தோலை உரித்துப் பருப்பை என் பக்கம் தள்ளினார். “அப்பா சங்கதி புரியுது. அது இன்னா சார், அம்மா ஆறு மாசம் போட்டாங்க?”

சொன்னேன். அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

என் மனைவிக்கு எழுதத் தெரியாது. மகனுக்கு நான் எழுதும் கடிதத்தின் கடைசியில் ‘அம்மா சொல்கிறாள்’ என்று போட்டு, அவள் சொல்லச் சொல்ல நாலு வரி எழுதுவேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா. மோர் நிறையக் குடி. தோல் ஷாப் நாற்றம் தலைமயிரில் ஏறாமல் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூலிக்காரர்களுக்கும் இப்படித்தான் எழுதிக்கொடுப்பேன். பிறர் குரலில் எழுதுவது எனக்குச் சுலபம். அவள் ஐந்து நாள் காய்ச்சலில் போனபோது சுந்தரம் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தெரிந்தால் வேலையை விட்டுக் கப்பல் ஏறிவிடுவான் என்று பயந்தேன். அந்த வாரக் கடிதத்தின் கடைசியிலும் நாலு வரி எழுதினேன். அடுத்த வாரமும் எழுதினேன். பிறகு சொல்லுவதற்கு ஒரு வாரமும் சரியான வாரமாகப் படவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த நாலு வரியை எழுதுகிற நேரம் மட்டும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஆறு மாதம் கழித்து, ரங்கூனிலிருந்து ஊர் திரும்பிய ஒரு கூலியாள் ஆம்பூர் கடைத்தெருவில் சுந்தரத்தைப் பார்த்து, அம்மா போனதற்கு வருத்தம் சொல்லிவிட்டதாக எனக்குச் செய்தி வந்தது.

அதன்பிறகு நான் எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதிலில்லை. கோபம் என்று நினைத்திருந்தேன்.

முனுசாமி உரித்த தோலை முறத்தின் ஓரம் ஒதுக்கினார். “புள்ளைக்கு ஒடம்பு சரியில்லதான். ஆனா முட்டாள் இல்ல சார். உங்க வூட்டு வழக்கத்த வெச்சுத்தான் யோசிச்சிகிறான்” என்றார்.

தாளை விரித்து, காலியாக இருந்த வரியில் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். அவர் தாளை வாங்கிப் புத்தகத்தில் பசையிட்டு ஒட்டிவிட்டு, பென்சிலை நாக்கில் தொட்டுத் தம் பக்கத்தை எழுத ஆரம்பித்தார். மிகவும் மெதுவாக எழுதினார். என்ன எழுதுகிறார் என்று கேட்டேன். நாளைக்குப் படிப்பார்கள் என்றார்.

சனிக்கிழமை ஆம்பூர். ரயில் நிற்பதற்கு முன்பே ஊர் வந்துவிட்டது தெரியும். சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, ஊறிய தோல் மூன்றும் கலந்த ஒரு வாடை. சுந்தரம் முதல் தடவை அனுப்பிய பார்சலைப் பிரித்தபோது, அதிலிருந்த துண்டில் இந்த வாடைதான் இருந்தது. அவன் அம்மா அதை மூன்று தரம் துவைத்தாள். பிறகு துவைக்காமலே விட்டிருக்கலாம் என்றாள்.

முனுசாமி கொடுத்தனுப்பிய நீலப் புத்தகத்தை நர்ஸ் அம்மாளிடம் சேர்த்தேன். ஒட்டிய தாளை என் முன்னாலேயே படித்துவிட்டு, தன் பக்கத்தை எழுத உட்கார்ந்தாள். பிறகு தோல் ஷாப்புக்குப் போனேன். முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே அழைத்துப்போனார். கணக்குப்பிள்ளைகள் இருக்கும் நீண்ட அறையில் ஜன்னலோரம் அவன் மேஜை. இழுப்பறையில் இருந்த கடிதக் கட்டை என்னிடம் கொடுத்தார். தோல் தைக்கும் நூலால் இரண்டு கட்டாகக் கட்டியிருந்தான். முதல் கட்டில் அம்மா போனது தெரியும்வரை வந்த கடிதங்கள், மடிப்பு கிழியும்படி படித்தவை. ஒவ்வொன்றிலும் ‘அம்மா சொல்கிறாள்’ என்பதன் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தான். இரண்டாவது கட்டில் எதையும் பிரிக்கவே இல்லை.

முதலாளி சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிரியாணியும், எள்ளும் புளியும் சேர்த்த கத்தரிக்காயும் வரவழைத்தார். ஊரெல்லாம் புகழ்கிற பிரியாணி. என்னால் இரண்டு கைக்கு மேல் முடியவில்லை.

கூட்டம் மூன்று மணிக்கு, நர்ஸ் அம்மாளின் மருந்தகத்தில். டாக்டரும் காலை ரயிலில் வந்திருந்தார். உறவுக்காரர்களை உட்காரவிடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. தவறு நம்முடையது, ஆகையால் இந்த ஒரு தடவை இருக்கட்டும் என்று அவர் சொல்ல, ஓரத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். என் மகனைப் பெயர் சொல்லாமல் நம்பரால் பேசினார்கள். முதலில் அது நெஞ்சில் குத்தியது. போகப்போக ஆறுதலாகவும் இருந்தது. பத்தொன்பது சாப்பிடுவதில்லை, பத்தொன்பது தூங்குவதில்லை. யாரோ ஒருவனைப் பற்றி நாலு நல்ல மனிதர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில், மோர் கொடுக்கலாமா கூடாதா என்று ஹக்கீமும் முனுசாமியும் சண்டை போட்டார்கள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சுவரை எண்ணியவருக்கு மோரைப் பற்றி என்ன தெரியும் என்று ஹக்கீம் கேட்க, சுவரை எண்ணினவனுக்குத்தான் உள்ளே இருப்பவன் பசி தெரியும் என்றார் முனுசாமி.

நர்ஸ் அம்மாள் மட்டும் சென்னைக்கு அனுப்பலாம் என்ற பக்கம் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும், நேராகப் பேசுகிறவள். தகப்பன் இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் எழுதியிருந்தாள். என்னைப் பார்த்து, “ஐயா, லீவு முடிஞ்சா கப்பல் ஏறிடுவீங்க. அப்புறம் மறுபடியும் லெட்டர்தானே?” என்றாள்.

எனக்கு இரண்டு மாத லீவு. அதற்குமேல் இருந்தால் வேலை இருக்காது. அதை அப்படியே சொன்னேன். வேலை போனாலும் அவன் எழுந்து நடமாடும்வரை போகப்போவதில்லை என்றும் சொன்னேன். எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தேன்.

“வேணாம்” என்றாள். “வாயால சொன்னதே போதும்.”

கடைசியாக முனுசாமியின் பக்கத்தை டாக்டர் படித்தார். நாலே வரி. இந்தப் பிள்ளைக்கு அம்மா இறந்த செய்தியை வீட்டார் இன்றுவரை சொல்லவில்லை. தெருவில் போகிறவன் சொன்னான். தந்தை வந்து, நான் உயிரோடிருக்கிறேன் என்று சொல்லக்கூடாது. அம்மா இறந்ததை முதலில் சொல்ல வேண்டும். எழுதாமல், வாயால்.

நாளைப் பகல் வண்டியில் டாக்டர் சுந்தரத்தை ஆம்பூருக்கு அழைத்துவருவது. ஸ்டேஷனிலேயே நான் பார்ப்பது. அவன் மிரண்டால் அப்படியே திருப்பி அழைத்துப்போய்த் திங்கட்கிழமை சென்னைக்கு அனுப்புவது. இதுதான் முடிவு. நர்ஸ் அம்மாளும் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கே போய்விட்டேன். பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு பெஞ்சு. எழுந்திருக்கக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, தொடக்கூடாது என்று முனுசாமி சொல்லி அனுப்பியிருந்தார். வண்டி ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள். பிறகு இன்னும் அரை மணி என்றார்கள். தோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். கையை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு தனிமையை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. மனைவியைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்து வீட்டுக்கதவைத் திறந்த அன்றுகூட, எழுதுவதற்குக் கடிதம் என்று ஒன்று இருந்தது.

வண்டி வந்தது. டாக்டர் முதலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் சுந்தரம். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. டாக்டர் அவனிடம் ஏதோ சொல்லிவிட்டு விலகி நின்றார். அவன் தலையைக் குனிந்தபடி நடந்து வந்து, பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் இருந்தது.

நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அம்மா செத்துப்போய்ட்டா. போன வருஷம், மழைக்கு முன்னால். அஞ்சு நாள் காய்ச்சல். நான் பக்கத்துல இருந்தேன். உனக்குச் சொல்லாம விட்டுட்டேன். அப்புறம் வந்த லெட்டர்ல அம்மா சொன்னதா இருந்ததெல்லாம் நான் எழுதினது.

வண்டி கிளம்பிப் போயிற்று. சுந்தரம் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். டாக்டரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஒரு அடி முன்னால் வைத்தார்.

“எத்தனை மணிக்கு?” என்றான் சுந்தரம்.

விடியற்காலை நாலு என்றேன்.

அப்போதுதான் திரும்பினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு ஸ்டேஷன் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். மறுபடியும் என் கையைப் பார்த்தான். சின்ன வயதில் ரங்கூன் மணியிலிருந்து ஊர் மணி சொல்ல அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

“அப்ப இங்க மூணு மணி” என்றான். “தூங்கிட்டு இருந்திருப்பேன். என்னை எழுப்பியிருக்கலாமே, அப்பா.”